காந்தம் எடுக்காத பிசிறு

மார்ச் 2, சனி

எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிப்பு. வரியை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. அழுத்தி எழுதுவதால் தாளின் பின்பக்கமும் புடைத்துக்கொண்டு தெரிகிறது. நாற்பத்தோரு வருடம் சுத்தியல் பிடித்த கை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? நோட்டிடம் என்று வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரிந்து ஏழு மாதம். சுவா ஊர் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. மாதவி டீச்சர், "தெனம் ஒரு வரியாச்சும் எழுதுங்க ஐயா, யாருக்கும் காட்ட வேணாம்" என்றார். இதுவரை எழுதியதற்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் திரும்பப் பார்த்தால் எழுதினது அங்கேயே இருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் இருந்தது. நான் வாயால் சொன்ன எதுவும் இப்படி நின்றதில்லை. பெரிய சந்தோஷம்.

எல்சி இருந்தால் காட்டியிருப்பேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

மார்ச் 3, ஞாயிறு

எல்சி என் மனைவி. இனிப்பு நீர்க்காரி, சர்க்கரை வியாதி. போன மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பாதத்தில் ஒரு புண். அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. தெரிந்தபோது விரல் கறுத்திருந்தது.

மருத்துவர் இன்று சொன்னது: மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் சக்கர நாற்காலி வாசலில் ஏறி இறங்க வழி வேண்டும். எங்கள் வாசற்படி ஐந்து அங்குலம். படிக்கு முன்னால் லோங்காங், இரண்டு அடி அகலம், திறந்த சாக்கடை.

மகள் கிளாரிஸ் மம்பாவில் இருக்கிறாள். "அம்மா எங்கூட வரட்டும்பா. தரை வீடுதானே, படியே இல்ல" என்றாள். அவளிடம் இருப்பது ஓர் அறை. அதில் எனக்கு இடம் கிடையாது என்று அவள் சொல்லவில்லை. நானே கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

எல்சி சுவரைப் பார்த்துக்கொண்டு, "மம்பாவே போறேன்" என்றாள்.

கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம்.

மார்ச் 4

சாய்தளம் நானே செய்வேன்.

மார்ச் 6, புதன்

மோட்டார் சைக்கிளில் செனாவாங் போனேன். ரவிச்சந்திரனுக்கு அங்கே பட்டறை. கேட்டும் கிரில்லும் செய்கிறான். எஸ்டேட் ரப்பர் பேக்டரியில் நான் பிட்டராக இருந்தபோது என்னோடு வேலை பார்த்தவன். இப்போது அவனுக்கும் பேரன் இருக்கிறான்.

சிமெண்டு போட்டால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். இரும்பு போட்டால் சாக்கடை கழுவும்போது என்னால் தூக்க முடியாது. அலுமினியம்தான். அவனிடம் பழைய லாரியில் கழற்றிய பலகை இருந்தது. ஆறடி நீளம், கால் இன்ச் கனம். தட்டையாகப் போட்டால் சாக்கடைக்கு மேலே நடுவில் தொய்யும். இரண்டு ஓரத்தையும் மேலே மடக்கிவிட்டால் தொய்யாது, சக்கரமும் வெளியே போகாது.

"அண்ணே, தகரம்னு நெனச்சீங்களா? என் மெஷின் இத மடக்காதுலா. இதுதான் மெஷின மடக்கிடும்."

"உள்பக்கம் பள்ளம் வெட்டிட்டு மடக்கலாம்."

"அதுக்கு மில்லிங் மெஷினுக்கு எங்க போறது?"

"மரம் அறுக்குற ரம்பம் வச்சிருக்கியே."

அவன் என்னையும் ரம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "வாங்க. ஆனா கைய வீட்டுல வச்சிட்டு வந்து வெட்டுங்க."

மார்ச் 9, சனி

வகுப்புக்குப் போகவில்லை. ரவியின் பட்டறையில் துண்டுப் பலகையில் சோதனை.

கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம் அது. அதன் அடித்தட்டை நாற்பத்தைந்து பாகை சாய்க்கலாம். ஒரு பக்கம் சாய்த்து ஒரு வெட்டு, திருப்பி வந்து மறு பக்கம் ஒரு வெட்டு. நடுவில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் விழும். நேராகப் போக ஒரு கோண இரும்பைப் பலகையோடு இறுக்கிக் கட்டினேன். ஆழத்துக்கு ஒரு பத்து காசு. மேசையில் காசை வைத்து, பக்கத்தில் துண்டுப் பலகையை வைத்து, அதன்மேல் ரம்பத்தை உட்காரவைத்து, பல் காசைத் தொடும்வரை இறக்கினேன். அப்படி வெட்டினால் அடியில் காசின் கனம்தான் மிஞ்சும். அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும், அதனால் மெழுகுவர்த்தி தேய்த்தேன்.

பள்ளம் அழகாக வந்தது. மடக்கினேன். பிஸ்கெட் மாதிரி இரண்டாக உடைந்தது.

ரவி சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எல்சிக்குக் கஞ்சி கொடுத்தேன். "என் கால்ல ஏறுற மாதிரி வீட்டுல கண்ணாடி எங்கங்க உடைஞ்சிச்சு? நான் எதையும் உடைக்கலியே" என்று கேட்டாள். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "பழைய பாட்டிலா இருக்கும்" என்றேன்.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 13, புதன்

இது கெட்டிப்பட்ட அலுமினியம். சூடு காட்டி இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவக்காது. சும்மா இருக்கிற மாதிரியே இருந்து, திடீரென்று உருகி விழுந்துவிடும். அதனால் பள்ளத்தின் பின்பக்கம் துணி சோப்பைத் தேய்த்தேன். கேஸ் தீயை மெதுவாக ஓட்டினேன். சோப்பு கறுத்ததும், சூடு போதும் என்று நிறுத்தி, ஆறவிட்டு மடக்கினேன். மடங்கியது. ஈரப் பனையோலை மாதிரி, சத்தமே இல்லாமல்.

ரவி என் முதுகில் தட்டினான். பிறகு தரையைப் பார்த்தான். பட்டறை முழுக்கப் பிசிறு. அவன் ஆணியில் தொங்கிய காந்தத்தை எடுத்தான். கயிற்றில் கட்டிய ஸ்பீக்கர் காந்தம். பேக்டரியில் வேலை முடிந்ததும் அதைத் தரையில் இழுத்துக்கொண்டு நடப்போம், இரும்புத் துகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவனை அப்படிப் பழக்கியவன் நான்தான். இரண்டு அடி இழுத்தான், நின்றான்.

"அட, அலுமினியத்துக்குப் போய்! நல்லா பழக்கி விட்டீங்கண்ணே" என்று சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தான்.

நான் வெளியே வந்து மோட்டார் பக்கத்தில் நின்றேன்.

இப்போது எழுதுகிறேன். மெதுவாக எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சமையலறை ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம் வெட்டினேன். வீட்டுப் பின்பக்கம், அவள் துணி காயப்போடும் இடத்தில். வேலை முடிந்து காந்தத்தை இழுத்தேன். காந்தம் வெறுமையாக வந்தது. ஒன்றுமே ஒட்டவில்லை. தரை சுத்தம் என்று நினைத்தேன்.

அலுமினியத்தைக் காந்தம் எடுக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கை பழக்கத்தில் போய்விட்டது, தலை கூடப் போகவில்லை. அவளுக்குச் செருப்புப் போடுகிற வழக்கமே இல்லை என்றும் தெரியும்.

புண்ணைக் கீறி எடுத்ததைப் பஞ்சில் வைத்து நர்ஸ் காட்டினாள். அரிசி அளவு, சுருண்டு இருந்தது. கண்ணாடி சுருளாது. "கண்ணாடியா அங்கிள்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எழுதிவிட்டேன். இனி இல்லை என்று சொல்ல முடியாது.

மார்ச் 16, சனி

பெரிய பலகையை வெட்டினோம். ஆறடி நீளத்துக்கு இரண்டு பள்ளம், நாலு ஓட்டம். மூன்றாவது ஓட்டத்தில் ரம்பம் ஓரிடத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது. சூடு காட்டி, இரண்டு கோண இரும்புக்கு நடுவில் இறுக்கி, ரவி ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் தூக்கினோம். இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றது. உள்பள்ளம் முழுக்க ரவி வெல்டிங் வைத்தான், ஓட்டை விழுந்த இடத்தில் இரண்டு தடவை.

தரையை ஈரச் சாக்கால் நான் துடைத்தேன். மண்டிபோட்டு, மூன்று முறை. "போதும்லா அண்ணே, இது என்ன ஆப்பரேஷன் ரூமா?" என்றான். போதாது என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன். வாயால் சொன்னால் பாதியில் மாற்றிச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மார்ச் 18, திங்கள்

இது காலண்டர் தாளின் முதுகு. நோட்டு என்னிடம் இல்லை. பிறகு ஒட்டிக்கொள்வேன்.

நேற்று பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். எல்சி ஆறாவது வரை படித்தவள். வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாம் இத்தனை வருடம் அவள்தான் படித்துச் சொன்னாள். முதலில் சிரித்தாள். "நீங்களா எழுதுனீங்க? இவ்வளவா?" என்று முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்று இருந்தது.

பதிமூன்றாம் தேதிக்கு வந்தாள். விரல் வரிக்கு வரி போனது. பிறகு நின்றது. மறுபடி மேலே போய் மறுபடி வந்தது.

நோட்டை மூடினாள். "வச்சிட்டுப் போங்க" என்றாள்.

எல்சி, என்றேன்.

"போங்கன்னேன்."

மார்ச் 19

இன்னொரு காலண்டர் தாள். பார்க்கப் போனேன். தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். இன்று மூடியிருந்தது.

மார்ச் 20

சாய்தளத்தை வாசலில் பொருத்தினோம். ரவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஏறினான், இறங்கினான். அவன் நூற்றுப் பத்து கிலோ. தொய்யவில்லை. "என்னையே தாங்கிருச்சு, அண்ணி பூ மாதிரி" என்றான். அவள் வருவாளா என்றே தெரியாது.

மார்ச் 22, வெள்ளி

கிளாரிஸ் போன் செய்தாள். "அப்பா, உங்களுக்குள்ள என்ன? அம்மா மம்பாவுக்கு வரலைங்கிறாங்க. நாளைக்கு வீட்டுக்கே வராங்களாம். கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றாங்க."

போனை எல்சியிடம் கொடுக்கச் சொன்னேன். எல்சி பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குக் கோவம் இன்னும் போகல. கண்ணாடின்னு சொன்னீங்களே, கால் போனதவிட அதுக்குத்தான் கோவம். கோவம் போனா சொல்றேன். அதுக்காக மக வீட்டுல போய் உக்காந்துக்கிட்டு யார்கிட்ட கோவப்படுறது? என் வீட்டுல இருந்தே கோவப்படுறேன்."

பின்கட்டை மூன்றாவது தடவை துடைத்தேன்.

மார்ச் 23, சனி

வந்துவிட்டாள். நான்தான் தள்ளினேன். சாக்கடைக்கு மேலே வந்ததும், "நிறுத்துங்க" என்றாள். குனிந்து வெல்டிங் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. "தள்ளுங்க" என்றாள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் அதில் எழுதவில்லை. நான் எல்லாப் பக்கமும் தேடினேன்.

மார்ச் 25

இருக்கிற காலைத் தினமும் அடிப்பாதம் வரை பார்க்க வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருக்கிறார். நான் பார்க்கிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அவளே பார்க்கிறாள். வளைய முடியாமல் மூச்சு வாங்குகிறது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

கோவிலுக்குப் போனோம். சாய்தளத்தில் இறங்கும்போது அவள் பயப்படவில்லை.

ஏப்ரல் 5

மீன் குழம்பில் உப்பு இல்லை என்று திட்டினாள். நன்றாக, நீளமாகத் திட்டினாள். வீடு வீடு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 13, சனி

வகுப்பு முடிந்து பதினொன்றரைக்கு வந்தேன். எல்சி வாசலில் நாற்காலியில் இருந்தாள். நான் செருப்பைக் கழற்றிச் சாய்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மாதவி டீச்சர் என் எழுத்து இப்போது வரியிலேயே நிற்கிறது என்று சொன்னதைச் சொன்னேன். "ம்" என்றாள்.

பிறகு இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குதிகாலிலிருந்து ஆரம்பித்தேன். கட்டைவிரலால் தடவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தேன். கால் குளிர்ந்திருந்தது. நான் தொடுவது அவளுக்குத் தெரியாது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தடவ பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தேன்.

கோபம் போய்விட்டதாக அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கை வலிக்கிறது, அவளும் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அடுத்த வாரம் எழுதுகிறேன்.