புத்தி தெளிவு என்று ஒரு கடதாசி

இயேசு மரி சூசை

பலேர்மோ
12.03.1996

அன்புள்ள அத்தானுக்கு,

மடு அகதி முகாமில் நீங்களும் பிள்ளை ஜெசிக்காவும் உயிரோடு இருக்க மன்றாடிக்கொண்டு எமிலியானா எழுதுவது.

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் கிழவர், முன்பு பட்டாளத்தில் மனநோய் டாக்டராக இருந்தவர். அமெரிக்கன் இங்கே கொண்டுவந்து வைத்த அணுகுண்டை ஏவும் திறப்புச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அந்தச் சிப்பாய்களுக்குப் புத்தி சரியா என்று சோதிப்பதுதான் அவருடைய வேலையாம். உத்தரவு கொடுக்கும் தலைவர்களை ஒருவரும் சோதிப்பதில்லையாம். ஒரேயொரு தடவை ஒரு பெரிய தலைவரை இரகசியமாகப் பார்க்கச் சொன்னார்களாம். அந்த மனுசன் செத்துப்போன தம்பியோடு கதைத்துக்கொண்டு இருந்தாராம். இவரோ புத்தி தெளிவு என்று எழுதிக்கொடுத்தாராம். ஏன் என்று கேட்டேன். அவர்கள் விரும்பிய பதில் அதுதான் என்று சிரித்தார். உலகம் எரிஞ்சிருந்தால் என்ன செய்வாய், விசர்க் கிழவா என்று தமிழில் ஏசினேன்.

இப்போது அவருக்கே விசர். அவருடைய மகள் சிஞ்ஞோரா மார்த்தினா, தகப்பனுக்குப் புத்தி இல்லை என்று கோர்ட்டில் எழுதி எடுத்து வீட்டை விற்க நின்றாள். அப்படி எழுதினால் என் வேலைக் கடதாசியில் அவர் வைக்கும் கையெழுத்துச் செல்லாது. கையெழுத்து இல்லாமல் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கும் அனுமதி, கிடைக்காது. அது இல்லாமல் உங்கள் இருவரையும் இங்கே எடுக்க முடியாது. இந்த மாதத்தோடு மனுக் கொடுக்கும் காலமும் முடிகிறது.

அதனால் ஞானோபதேசம் பாடமாக்குவதைப் போலக் கேள்வியும் பதிலுமாக ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தேன். கேள்விகளை அவரே சொன்னார், பதில்தான் அவரிடம் இல்லை. எந்த ஆண்டு, ஜனாதிபதி யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறை. பிழை விட்டால் சாப்பாட்டுத் தட்டை இழுத்துவிடுவேன். அழுவார். நான் இரங்கவில்லை, அத்தான்.

கோர்ட் அனுப்பிய டாக்டர் இவரிடம் படித்தவராம். மரியாதையில் நின்றுகொண்டே, அதே வரிசையில் கேட்டார். நாளையும் கிழமையையும் அன்று காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கிழவர் மளமளவென்று ஒப்புவித்தார். புத்தி தெளிவு என்று கடதாசி கிடைத்தது. பல்லரோச் சந்தையில் நல்ல மீனாக வாங்கி இருவருக்கும் குழம்பு வைத்தேன்.

மறுநாள் அவரையும் கடதாசியையும் கொண்டு பெர்மெஸ்ஸோ கொடுக்கும் கந்தோருக்குப் போனேன். இந்தப் பெண் யார் என்று அதிகாரி சும்மாதான் கேட்டார். ஐயோ, நான் யார் என்பதை மட்டும் பாடமாக்கவில்லையே! கிழவர் நிமிர்ந்து நின்று, இவள் எதிரி அனுப்பிய ஆள், குண்டுத் திறப்பு எங்கே என்று கேட்டு என்னைப் பட்டினி போடுகிறாள் என்றார். பட்டினி போட்டது உண்மைதானே. அவருக்கு விசர், அவர் சொல்லுறதை நம்பாதேங்கோ என்று முதலில் தமிழில் கத்தி, பிறகு இத்தாலியனில் கத்தினேன். அதிகாரி என் கையிலிருந்த கடதாசியை வாங்கி எனக்கே வாசித்துக் காட்டினார்.

பதினைந்து நாளுக்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லி எழுதித் தந்திருக்கிறார்கள். போர்கோ வெக்கியோவில் குகனேஸ்வரி அக்காவின் அறையில் ஒளிந்திருக்கிறேன்.

இனி என்னை எதிர்பார்த்துக்கொண்டு முகாமில் இருக்க வேண்டாம். கிடைக்கிற படகில் இந்தியாவுக்குப் போய்விடுங்கள். பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. என் சீலையால் அவளை உங்கள் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மருதமடு மாதா இருவரையும் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
எமிலியானா