வெள்ளிக்கிழமைக் கருவாடு

அன்புள்ள மகளுக்கு,

உன்னுடைய அந்தப் பெடியன் தன் ஊர் காம்பியாவிலிருந்து கொண்டுவந்தது என்று நீ ஃபிரீசரில் வைத்துவிட்டுப் போன நெத்தெத்துப் பொட்டலத்தால் எனக்குப் பெரிய கரைச்சல். ஐஸ்கிரீமிலும் கருவாட்டு மணம்தான்.

வீணாகப் போகக் கூடாதென்று கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு துண்டு போட்டேன். அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டார்.

"மோர்டென்ஸ்ருட் ஸ்டேஷன் வரைக்கும் மணக்குது! வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆர் கருவாடு காய்ச்சினது?"

இந்தக் குளிரில் ஜன்னலெல்லாம் திறந்துவிட்டார். கருவாடில்லை, நெத்தெத்து, மரத்து விதையை அவித்துப் புளிக்கவைத்தது, சுத்த சைவம் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"எங்கத்தையான் விதை?"

"உங்கட மகள் வைச்சிட்டுப் போனது."

அதோடு கதை நின்றது. நீ அவனோடு லில்லெஸ்ட்ரோமில் குடியிருக்கப் போன நாள் முதல் உன் பேச்சை எடுத்தால் இங்கே இப்படித்தான். ஆனால் அந்தக் குழம்பை மட்டும் இரண்டாம் தரமும் விட்டுச் சாப்பிட்டார்.

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் என் உயிரை எடுக்கிறார். "அது முடிஞ்சுதோ? முடிஞ்சால் இனி ஆர் கொண்டுவாறது?" உன்னிடம் கேட்க வாய் வராது, என்னைப் போட்டு அரிக்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது.

பொட்டலத்தில் பாதி அப்படியே கிடக்கிறது. முடிந்துவிட்டதென்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வா.

கோபம் தீராத
அம்மா