மலிவு விலையில் ஒரு ஜன்னலோர இருக்கை

3 ஜூலை 1982
செல்லூர் தறிச் சத்தத்திலேயே மத்தியானம் கண் அயர்ந்துவிட்டேன். விமானம் கிளம்புவதாகக் கனவு. ஜன்னலுக்கு வெளியே நீலம், அதற்கும் மேலே நீலம். பக்கத்து இருக்கை காலி. லூர்துராஜ் எங்கே?

கல்யாணமான மறுமாதமே பஹ்ரைனுக்குப் போனவர். இரண்டு வருஷமாகக் கடிதத்தில்தான் குடித்தனம். இப்போது எனக்கும் விசா வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் அங்கே இறங்க வேண்டும். டிக்கெட் விலையோ எட்டாத உயரம்.

9 ஜூலை
அண்ணன் ஆரோக்கியநாதன் டிக்கெட் ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வந்தார். 28ஆம் தேதி, பம்பாயிலிருந்து. யாரோ ரத்து செய்த இடமாம், விலை ரொம்பக் குறைவு.

"இன்னைக்கே சொல்லணுமாம் மேரி. நாளைக்கு இருக்காது."

வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரமா என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

12 ஜூலை
ஏழாம் வகுப்பில் மேகங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மணியடித்தது எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

22 ஜூலை
வேலையை விடுவதாகச் சொன்னேன். பள்ளியின் தலைமைச் சகோதரி சம்பளமில்லாத விடுப்பு எழுதித் தரச் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமாம்.

26 ஜூலை, ரயிலில்
வெளியே மழை. அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். லூர்துராஜின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கல்யாண போட்டோவில் இருப்பதுதான் வருகிறது. சிரித்தால் எப்படி இருப்பார்? நான் போக நினைப்பது அவரிடமா, வானத்துக்கா?

28 ஜூலை, பம்பாய்
இடம் இல்லையாம்.

டிக்கெட்டுல 'ஓகே'ன்னு இருக்கணுமாம். என்னுதுல வேற ரெண்டு எழுத்து. இடம் கேட்டிருக்கோம்னுதான் அதுக்கு அர்த்தமாம், கெடச்சிருச்சுன்னு இல்ல. இனி ஆகஸ்டில்தான் இடம். அதற்குள் விசா முடிந்துவிடும். பணமும் திரும்பாது.

கண்ணாடிக்கு அப்பால் விமானம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. இவ்வளவு பெரிதா? பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன்தான் அழுதார்.

29 ஜூலை
பஹ்ரைனுக்கு டிரங்கால் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். ஒரே இரைச்சல். அதற்கு நடுவே அவர் குரல்.

"நீ ஊருக்குப் போ மேரி. செப்டம்பர்ல ஒப்பந்தம் முடியுது. மறுபடி கையெழுத்துப் போடல, நானே வாரேன்."

"அம்புட்டு சம்பளத்த விட்டுட்டா?"

"கடுதாசியிலேயே வயசாகிப் போயிரும்போல."

14 ஆகஸ்ட்
பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அன்னக்கொடி அக்காவின் தம்பிக்கும் கடைசி நேர டிக்கெட் மலிவாக வருகிறதாம். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, இடம் உறுதிதானா, போக முடியாவிட்டால் பணம் வருமா, எல்லாம் கேட்டுவிட்டு வாங்கச் சொன்னேன். "நீ கேட்டியா?" என்றார் அக்கா. சிரித்துவிட்டேன்.

3 அக்டோபர்
வந்துவிட்டார். போட்டோவில் இருப்பதைவிட ஒல்லி.

10 அக்டோபர்
மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் சைக்கிளில் பரவை சந்தைக்குப் போனோம். கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அது பிடிக்காதே" என்றார், தயங்கித் தயங்கி.

இரண்டு வருஷக் கடிதத்தில் இதை எழுதவே இல்லை. எடுத்ததைத் திருப்பிப் போட்டேன். வேறு என்னவெல்லாம் பிடிக்காது என்று கேட்டேன். செல்லூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.