காலால் பிடித்த பிரேக்

ஏஞ்சல் அப்பாவுக்கு,

வண்டியை எடுக்காதீர்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் கட்டைகளைச் சாம்பிளுக்கு எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போகிறேன். உங்கள் வண்டியின் வயசுக்கு, பழசைக் காட்டினால்தான் கடையில் நம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காதபோது, பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், "இன்னா பாத்துக்கினு கீறே, காலை ஊனு!" என்று கத்தினீர்கள். ஊன்றினேன். வண்டி நின்றது, என் செருப்புதான் போயிற்று. அப்புறமும் சர்ச் வாசலில் எல்லோரிடமும், "பிரேக் நல்லாத்தான் கீது" என்றீர்களே!

கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் போட்டிருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கிண்ணத்தில் டீசலில் ஊறுவது நட்டு; ரசம் என்று ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

திலகா

கட்டை கிடைக்காவிட்டால் உங்களுக்குப் புதுச் செருப்பு வாங்கி வருகிறேன். இனி நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள்.