எட்டு சிலிண்டர், ஒரு பால்கனி

மார்ச் 3, செவ்வாய்

இன்று சாப்பாட்டு மேசையிலிருந்து அவர் இரண்டு முறை எழுந்து பால்கனிக்குப் போனார். நான் ஒரு முறை. சின்னவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா ஜெயிச்சுட்டார்" என்றாள்.

எங்கள் வீட்டு விதி இது. அவர் ஒரு ரேஸ் எஞ்சின் கம்பெனி, நான் அதன் பரம எதிரிக் கம்பெனி. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்பும் மோட்டார் அவர் வேலை. எரிபொருள் எரிகிற இடம் என் வேலை. கல்யாணமான புதிதில் பேசிவைத்தோம்: ஆபீஸ் விஷயம் வாய் தவறி வந்தால் சண்டையும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். பதில் சொல்ல முடியாதவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட வேண்டும். பேச்சு மாறியதும் திரும்பி வரலாம். பேப்பரில் வந்தது மட்டும் தாராளமாகப் பேசலாம்.

சின்னவளுக்கு ஒரே மனக்குறைதான். "நீங்க ரெண்டு பேரும் போனா ஆபீஸ் விஷயம். நான் பாதிச் சாப்பாட்டுல போனா மட்டும் திட்டு."

மார்ச் 9, திங்கள்

பேப்பரில் வந்துவிட்டதால் இன்று யாரும் எழுந்துபோகவில்லை. ரேஸ் சங்கம் அடுத்த எஞ்சின் விதிகளுக்கு ஓட்டெடுப்பு வைக்கப் போகிறது. ஒரு பக்கம், இப்போது இருக்கிற மாதிரியே சின்ன எஞ்சினும் பெரிய பேட்டரியும். இன்னொரு பக்கம், பழைய மாதிரி எட்டு சிலிண்டர், செயற்கை எரிபொருள், பேட்டரியே கிடையாது. ரசிகர்களுக்குச் சத்தம் வேண்டுமாம். காது கிழிகிற மாதிரி வேண்டுமாம்.

எட்டு சிலிண்டர் ஜெயித்தால் என் துறைக்கு யோகம். அவர் மோட்டார் இருக்கிற இடமே காரில் இருக்காது.

அவருக்குக் கவலை இல்லை. அவர்கள் தலைவர் மதியம் கேன்டீனில் நாற்காலி மேல் ஏறிப் பேசினாராம். எதற்கெடுத்தாலும் நாற்காலியில் ஏறுகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே நாற்காலி. இந்த விதியை எதிர்த்துக் கடைசிவரை நிற்போம், ஒருவர் வேலையும் போகாது என்று சொன்னாராம். சாயங்காலமே செய்தியிலும் வந்துவிட்டது.

"அவர் ஏறி நின்னா எனக்கு நாற்காலியப் பாத்துத்தான் பயம்" என்று சிரித்தார். ஆனால் நம்புகிறார். முகத்திலேயே தெரிந்தது.

மார்ச் 12, வியாழன்

ஓட்டல் அறையில் இருந்து எழுதுகிறேன். கை ஓடவில்லை.

ஓட்டெடுப்புக் கூட்டத்தில் எங்கள் மேலாளருக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்கிற புள்ளிவிவரத்தை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. எல்லாக் கம்பெனிகளும் இருந்தன. எதிர் வரிசையில் நாற்காலி, இன்றைக்கு உட்கார்ந்தபடியே. பேட்டரிக்கு ஆதரவாகப் பெரிய உரை நடத்துவார் என்று தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறந்து வைத்துக்கொண்டேன். அவர் வாயே திறக்கவில்லை. எட்டு சிலிண்டர் பக்கம் யார் யார் என்று கேட்டதும் முதலில் மேலே போன கை அவருடையது.

இடைவேளையில்தான் புரிந்தது. நாற்காலியின் கம்பெனி எஞ்சின் தொழிலையே விடுகிறது. மேலிடம் முன்பே முடிவெடுத்துவிட்டது. கௌரவமாக வெளியேற ஒரு காரணம் வேண்டும், இந்த விதியே அந்தக் காரணம். ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆட்களுக்குச் சொல்லி முடிக்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன்.

எட்டு சிலிண்டர் ஜெயித்தது என்று முடிவைப் படித்ததும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் இத்தனை வருஷம் சோதனை அறையில் ஒற்றை சிலிண்டரை வைத்துக்கொண்டு மாரடித்தது எல்லாம் இதற்காகத்தானே? அடுத்த நொடி வீட்டில் இருக்கிறவர் முகம் ஞாபகம் வந்தது.

மார்ச் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்தேன். கூட்டம் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்க மாட்டார். எனக்குப் பிடிக்கும் என்று ஆரஞ்சு வாங்கி வைத்திருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

துறைமுக ஊரில் கப்பல்களுக்கு மின் மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டிருக்கிறது. வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

எனக்கு உள்ளே ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. போங்க, உடனே போங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "நல்ல வேலையாத்தான் தெரியுது" என்றேன்.

"நல்ல வேலைதான். ஆனா இப்ப விட்டுட்டுப் போனா என் பிரிவுல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க? சண்டை வர்ற நேரத்துல ஓடிட்டான்னுதானே?"

எந்தச் சண்டை? யார் போடுகிற சண்டை? தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று நேரடியாகவே கேட்டுவிட்டார். சின்னவள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ என்ன நினைக்கிற? போகட்டுமா, இருக்கட்டுமா?"

விதிப்படி கேட்கக் கூடாத கேள்வி இல்லை இது. குடும்ப விஷயம். பெண்டாட்டியிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்? ஆனால் நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது அந்தக் கூட்ட அறையில் இருந்து எடுத்து வந்த பதிலாகத்தான் இருக்கும். சொன்னால் என் வேலை போகும். அது போனால் போகட்டும். எதிரிக் கம்பெனிக்காரனுக்கு விஷயம் கசிந்தது என்று அவரையும் சேர்த்து இழுப்பார்கள். பிறகு கப்பல் கம்பெனி மட்டும் சேர்த்துக்கொள்ளுமா?

எழுந்தேன். பால்கனிக்குப் போனேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு இவள் ஏன் எழுந்துபோகிறாள், இதில் இவள் ஆபீஸுக்கு என்ன சம்பந்தம் என்று அவர் யோசிப்பார், யோசித்தால் பிடித்துவிடுவார் என்று நம்பினேன். எதிர் மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொடி முழுவதும் நிரம்புகிறவரை நின்றேன். திரும்பி வந்தபோது அவர் சின்னவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

வரவில்லை என்று கப்பல் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றே சொல்லியிருக்கலாம். முந்தாநாள் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால்? கூப்பிட்டு மறுபடி வருகிறேன் என்று சொல்லச் சொல்லலாமே — இன்னும் ஆள் எடுத்திருக்க மாட்டார்கள் — எதை வைத்துச் சொல்வேன் — ஐயோ, என்ன பொம்பளை நான்? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதானே?

சொல்லவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாமியார் போனில் பேசினார். "ரெண்டு பேரும் ஒரே தொழில். ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருப்பீங்கன்னுதானே கட்டிவெச்சோம்?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அழுதுவிட்டேன். ஜலதோஷம் என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 16, வியாழன்

அவர் ஒரு வாரமாக ஞாயிறுகூடப் பார்க்காமல் வேலைக்குப் போகிறார். மோட்டாரின் எடையைக் குறைத்துக் காட்டினால் சங்கம் மனம் மாறும் என்று நாற்காலி சொன்னாராம். யாருக்குக் காட்டப் போகிறார் அந்த ஆள்?

ஏப்ரல் 28, செவ்வாய்

அறிவித்துவிட்டார்கள். காலையில் சங்கத்தின் அறிக்கை, மதியம் அவர்கள் கம்பெனியின் அறிக்கை. எஞ்சின் பிரிவு மூடப்படுகிறது. நாற்காலி இந்த முறை எதன் மேலும் ஏறவில்லையாம், மின்னஞ்சல் அனுப்பியதோடு சரி.

எங்கள் தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். மேலாளர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, இனி உங்கள் காலம் என்றார். கொடுத்த துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். எனக்கு அந்த சோபாவில் உட்காரத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 29, புதன்

காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஓட்டெடுப்பு மார்ச் பன்னெண்டாம் தேதின்னு போட்டிருக்கு. நீ அந்த ரூம்ல இருந்தியா?"

நான் எழுந்துபோகவில்லை. "இருந்தேன்" என்றேன்.

"எங்க ஆளு கையத் தூக்கினாரா?"

"முதல்ல தூக்கினதே அவர்தான்."

கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

"நான் கேட்டப்ப எழுந்து போனியே."

"அதுலயே உங்களுக்குப் புரிஞ்சிடும்னு நினைச்சேன்."

"நீ எப்பவும்தானே எழுந்து போவ" என்றார். "அதுல நான் என்னத்தப் புரிஞ்சுக்கிறது?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் சொன்னது சரி. ஒரு நாளாவது எழுந்துபோகாமல் இருந்திருந்தால், ஒரு சின்ன விஷயமாவது வாய் தவறிச் சொல்லியிருந்தால், அன்று நான் போனதற்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். அத்தனை ஒழுங்காக இருந்து தொலைத்திருக்கிறேன்.

மே 11, திங்கள்

கப்பல் கம்பெனியைக் கூப்பிட்டார். அந்த இடத்துக்கு ஆள் வந்தாயிற்று. பழுது பார்க்கிற பிரிவில் ஓர் இடம் இருக்கிறதாம். பம்பு, மோட்டார், கப்பல் கரைக்கு வரும்போது ஏறி இறங்குகிற வேலை. சரி என்று சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மே 30, சனி

மன்னிப்புக் கேட்டேன். "நீ தப்பா எதுவும் செய்யலையேம்மா. கையெழுத்துப் போட்டிருந்த. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

அவர் செய்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

ஜூன் 14, ஞாயிறு

அவரைத் துறைமுக ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. இனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிறு கிளம்புவார். சின்னவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இனிமே பால்கனிக்கு யாரு போவா?" என்றாள்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இந்த வாரம் வரவில்லை. ஏதோ கப்பல் தாமதமாம்.

அக்டோபர் 18, ஞாயிறு

வந்திருந்தார். கை முழுக்கக் கிரீஸ் ஏறிப்போயிருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ரேஸ் ஓடிக்கொண்டிருந்த சேனலைச் சின்னவள் வைத்தாள். அவர் பார்க்கவும் இல்லை, மாற்றச் சொல்லவும் இல்லை.

ஜனவரி 9, சனி

வியாழக்கிழமை எங்கள் எஞ்சினை முதல் முறையாக முழுசாக ஓட்டினோம். எட்டு சிலிண்டரும். சோதனை அறையின் கண்ணாடி அதிர்ந்தது. ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நான் காதில் போட்டிருந்த அடைப்பானை ஒரு நொடி விலக்கிக் கேட்டேன். அழகான சத்தம். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழகுதான்.

நேற்று அவர் வந்தார். இன்று மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"எட்டும் ஓடுச்சா?" என்று கேட்டார்.

எனக்கே தெரியாமல் எழுந்துவிட்டேன். பால்கனிக் கதவில் கைவைத்த பிறகுதான் உறைத்தது.

"உக்காரும்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், குத்திக்காட்டவில்லை. "நான் இப்ப வெளி ஆளுதானே."

வந்து உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தேன். எரிபொருள் எந்தக் கோணத்தில் உள்ளே இறங்குகிறது, எந்த வேகத்தில் எஞ்சின் நடுங்குகிறது, அதை எப்படி அடக்கினோம். சொல்லக் கூடாததையும் இரண்டு மூன்று சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். இதில் ஒன்றைக் கேட்டிருந்தால் முன்பு ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார் மனுஷன். மற்றது வெளியே தெரிந்தால் என் வேலையே போகும். ஐயோ, இதையெல்லாம் சொல்லலாமா நீ என்று அவர் பதறுவார், காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் சின்னவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் நடுவில் தலையாட்டினார். நான் சொல்லி முடித்ததும் ரொம்ப சந்தோஷம் என்றார். பிறகு, நாளைக்கு பஸ் அஞ்சு மணிக்கா ஆறு மணிக்கா என்று கேட்டார்.