உபதேசியார் எடுத்த வணிகவியல் வகுப்பு

கடலூர்,
12.11.2006

அன்பு மகள் ஜான்சிக்கு,

மாதாவின் தயவில் முட்டிவலி தவிர எனக்குக் குறையில்லை; நாக்பூர்க் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பங்குச்சாமியார் தம் புதுக் கல்லூரிக்கு வணிகவியல் நடத்த உன்னைக் கூப்பிட்டிருக்கிறார், வேலையை விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். அந்தக் கல்லூரியின் சரித்திரத்தை முதலில் கேள். போன வருடம் ஆயர் வந்து தீர்த்தம் தெளித்து அடிக்கல்லை மந்திரித்தார். அதையே பல்கலைக்கழக அங்கீகாரமாக எண்ணிக்கொண்டு, மறு ஞாயிறே பிரசங்கத்தில் "காலேஜுக்கு அனுமதி கெடைச்சிடுச்சி" என்று அறிவித்துவிட்டார் நம் சாமியார். தீர்த்தத்துக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் உண்டென்று என் கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லித்தந்ததில்லை. வகுப்பு நடப்பது ஞானோபதேச அறையில். திருவிழா வந்தால் பாடம் நின்றுவிடும், கரும்பலகைக்கு அடியில் விருந்துக்கு வெங்காயம் உரிப்பார்கள்.

சென்ற வியாழக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். ஆசிரியர் போதாதென்று, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் நம் கோயில் உபதேசியார் ஆரோக்கியராஜுக்கு டை கட்டி, வணிகவியல் விரிவுரையாளர் என்று நிறுத்தினார்கள். என்னை நூலகராக நடிக்கச் சொன்னார் சாமியார். "பொய் சொல்ற வயசு எனக்குத் தாண்டிடுச்சி சாமி" என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வந்தவர்களில் மூத்தவர், சிதம்பரத்துப் பேராசிரியர் ராமாமிர்தம், "அஞ்சு நிமிஷம் பாடம் எடுங்க சார், பாப்போம்" என்றார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில், "பிள்ளைங்களே, ஒங்களப் படைச்சது யாரு?" என்றார். "சர்வேசுரன்!" என்று பாதி வகுப்பு கத்தியது. "இது எந்த பேப்பர் சார்?" என்றார் பேராசிரியர். சாமியார் ஜன்னலைப் பார்த்தார். அப்போது செம்மங்குப்பத்துப் பெண் பொன்னி எழுந்து, "சார், இவுரு கோயில் உபதேசியாரு. ஜூன்லேர்ந்து அக்கவுண்ட்ஸுக்கு எங்களுக்கு வாத்தியாரே இல்ல. நாங்களே புக்க வச்சிக்கிட்டுப் படிக்கிறோம். மூடிடாதீங்க சார், ஒரு ஆளப் போடச் சொல்லுங்க" என்றாள். அன்று அந்தக் கட்டடத்தில் பேசப்பட்ட உண்மை அவ்வளவுதான். ஜனவரிக்குள் தகுதியுள்ள ஆசிரியர் வராவிட்டால் அனுமதி கிடையாது, பிள்ளைகளின் வருடம் வீண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாமியார் இதில் ஒரு வரியும் உனக்கு எழுதியிருக்க மாட்டார். துறைத்தலைவர் பதவி என்று எழுதியிருப்பார். துறையே நீ ஒருத்திதான். ஆனாலும் வா. அவருக்காக அல்ல. அம்மா தனியாக இருக்கிறாளே என்ற கற்பனையோடும் வராதே, எனக்குப் பேச்சுத்துணை வேண்டியதில்லை. ராஜினாமா கொடுக்கும் முன் ஆயர் கையெழுத்தோடு நியமன உத்தரவை வாங்கிவிடு, வாய்ச்சொல்லை நம்பாதே. ரயிலில் கண்டதைத் தின்னாதே. மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. நீ வருவதைச் சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. பொன்னியிடம் சொல்லிவிட்டேன்.

உன் தாய்,
இன்னாசிமேரி லூர்துநாதன்