குளத்துக்குள் எது மேல், எது கீழ்

இன்று காலை ரத்தம் எடுக்க வந்த பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாசனை ஏறியதும் உன் குரல்தான் கேட்டது. "ஊசி குத்தறதுக்கு முன்னாடியே இந்த வாசனை வலிக்குதுடி" என்பாய். இத்தனை வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நேரில் சொல்லாததை இப்படியாவது சொல்லித் தொலைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கிரிவலப் பாதையோரம் நம் ஊரில் இருந்த சின்ன மருந்தகத்தில் நான் நர்ஸ். நீ அடுத்த தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தாய். உனக்கு டி.பி. வந்து, தினமும் காலையில் என்னிடம் ஒரு ஊசி. என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர் யாரும் பாதியில் நின்றதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு. இரண்டாம் மாதம் நீ சொன்னாய்: "காதுக்குள்ள ஒரே இரைச்சல்டி. நடந்தா மலையும் கூடவே குலுங்குது."

"ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு" என்றேன். வாரம் ஒருமுறை வரும் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார். இருமல் நின்றது. என் கைராசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஆடி முதல் வெள்ளி, அம்மன் கோயிலில் கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நீயும் மூடினாய். மூடியதும் சாய்ந்து விழுந்தாய்.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்த, உன் நெற்றியில் குங்குமத்தை அப்பினார்கள். அடுத்த வெள்ளியும் அதே போல் விழுந்தாய். அதற்குள் உன் வாசலில் குறி கேட்க ஆட்கள் நின்றார்கள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்குள்ள யாரும் வரலடி. கண்ணை மூடினா காலுக்குக் கீழ நிலமே இல்லாத மாதிரி ஆவுது" என்றாய். உன் கை சில்லென்று இருந்தது.

யாருக்கோ கேட்பதுபோல டாக்டரிடம் கேட்டேன். காதின் ஆழத்தில் நத்தைக்கூடு மாதிரி ஒன்று சத்தத்தை வாங்குகிறதாம். அதை ஒட்டியே வளைந்த மூன்று குழாய்கள். தலை திரும்பும்போது அவற்றில் இருக்கும் நீர் அசைந்து, உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்று மூளைக்குச் சொல்கிறதாம். நாம் போடும் ஊசி சிலருக்கு இரண்டையும் கெடுத்துவிடும் என்றார். "கண்ணை வச்சு சமாளிப்பாங்க. கண்ணை மூடினா விழுவாங்க. தண்ணில மட்டும் முழுகக் கூடாது. எது மேல, எது கீழன்னு தெரியாது."

அன்றே உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். ஏன் ஊசியை நிறுத்தவில்லை என்று கேட்பாயே என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை, கரகம் எடுக்கும் முன் உன்னைக் குளத்தில் முழுகச் சொல்லியிருக்கிறார்கள். பம்பைச் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். நீ கழுத்தளவுத் தண்ணீரில், ஆழத்துக்கு இறங்கும் படியில் நின்றாய். "முழுகாதடி!" என்று கத்தினேன். நீ கண்ணை மூடி முழுகினாய்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. உன் மஞ்சள் சேலை நன்றாகத் தெரிந்தது. நீ நீச்சல் தெரிந்தவள். கையைக் காலை வீசி, முழு பலத்தோடு நீந்தினாய், கீழ்நோக்கி. பம்பை நின்றது. அத்தனை பேரும் கைகூப்பிக் காத்திருந்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. "அவளை வெளிய எடுங்க!" என்று அலறினேன்.

"சும்மா இரும்மா, ஆத்தா குளிக்கறா" என்றார் பூசாரி.

மஞ்சள் மங்கி, பச்சையாகி, பிறகு தெரியவில்லை. அதற்கப்புறம்தான் ஒருவர் குதித்தார்.

இப்போது குளக்கரையில் உனக்கு ஒரு கோயில் இருக்கிறது. தொட்டில் கட்டுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். போன வெள்ளி நானும் போனேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"நீங்க அவங்களுக்கு சிநேகிதியாமே. ஆத்தாவே அவங்களைக் கூப்பிட்டுக்கினாளாம், நெசமாங்க?"

எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இனி யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்? வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா, நான் பார்த்தேன்" என்றேன்.

அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காலை நகர்த்தவில்லை.